யாருடைய நாற்பத்தேழு?

அத்தியாயம் 7

"எந்தத் திருடனும் கைரேகையைத் துடைச்சுட்டுத்தான் போவான். நம்ம ஆளு கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கார்" என்றான் ரேடியோ.

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரேடியோவுக்கு அது போதும். யாராவது சிரித்துவிட்டால் பிறகு அவனை நிறுத்த ஆளில்லை. கண் விழித்ததிலிருந்து தலை சாய்க்கும்வரை வாய் ஓயாதவன் என்பதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்துபோய் ரொம்ப காலமாயிற்று.

அவனுடைய முதலாளியம்மா டீச்சர், சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் நிஜமாகவே கணக்கு டீச்சர். எந்த மாணவன் யாருடைய விடையைப் பார்த்து எழுதினான் என்று கண்டுபிடிப்பதில் ருசி கண்டு, துப்பறிவதையே பிழைப்பாக்கிக்கொண்டவர். வழக்கமாக ரேடியோ அதிகம் பேசினால் தொண்டையைச் செருமுவார். இன்று ஏனோ செருமவில்லை.

இடம், மற்றவர்களின் கம்ப்யூட்டர் வட்டுகளுக்குக் காப்பு நகல் வைத்துத் தரும் ஒரு சின்ன நிறுவனம். டிஸ்க் இமேஜ் என்பார்கள். வட்டில் இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் அள்ளி ஒரே பெரிய கோப்பாகக் கட்டிவைப்பது. வீடு மாற்றும்போது பீரோவைக் காலி செய்யாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. அப்படி ஒரு பீரோ, ஒரு கண் மருத்துவமனையுடையது. நோயாளிகளின் கண்ணுக்குள் எடுத்த படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. மருத்துவமனையின் சொந்த வட்டு போன வாரம் படுத்துவிட்டது. சரி, இங்கே நகல் இருக்கிறதே என்று நேற்று வந்து திறந்து பார்த்தால், ஒரு படம்கூட இல்லை. கோப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே எண். நாற்பத்தேழு, நாற்பத்தேழு, நாற்பத்தேழு.

அந்த எண்தான் கையெழுத்து. இங்கே ஒரு வழக்கம் உண்டு. புது வட்டு வந்தால் சோதித்துப் பார்ப்பவர்கள், ஒரு வெற்று இமேஜ் முழுக்க ஏதாவது ஒரு எண்ணை எழுதிப் பார்ப்பார்கள். குப்பையை யார் போட்டது, யார் அள்ளுவது என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு எண் வைத்துக்கொண்டார்கள். ஏழு ஒருத்தருக்கு, பத்தொன்பது ஒருத்தருக்கு. நாற்பத்தேழு மீசைக்காரருக்கு.

மீசை அங்கே மூத்த புரோகிராமர். அதைவிட முக்கியம், நிறுவன முதலாளியின் தங்கையைக் கட்டியவர். அந்தத் தங்கை, வரவுசெலவு பார்ப்பதால் எல்லாரும் கணக்கு அக்கா என்று கூப்பிடுகிறவள், அதே மேசையில் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். வருகிற மாதம் மீசை வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கப் போகிறார் என்பதும், அதில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் போன வாரம் வார்த்தை தடித்தது என்பதும் அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"போற வீட்டுக்கு விளக்கேத்தி வைப்பாங்க. இவர் இருந்த வீட்டுல ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போறார்" என்றான் ரேடியோ.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி, "மாப்ளே, நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டார். மீசை வாயைத் திறந்தார். முதலாளியின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கணக்கு அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் காது மடல் இரண்டும் சிவந்திருந்ததை மட்டும் ரேடியோ பார்த்தான். என்னவோ சுருக்கென்றது. கண்டுகொள்ளாமல் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

சாயங்காலம் மருத்துவமனை ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் போலீஸ் புகாரில் கையெழுத்துப் போட்டுவிடுவதாக முதலாளி சொன்னார். சொந்த மாப்பிள்ளைமேல் புகார். அதற்குள் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டார்.

"கேஸ் முடிஞ்சுதே டீச்சர், அப்புறம் எங்க போறோம்?" என்றான் ரேடியோ, படியிறங்கும்போது.

"நீ முடிச்சுட்டே. நான் இன்னும் ஆரம்பிக்கல" என்றார் டீச்சர்.

மீசையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எதிர்ச் சாரியில் ஷட்டர் இறக்கிய கடை ஒன்றின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, இந்த வேளையில் போனால் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மகன் ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்பான், அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார். ரேடியோவை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த காலி அட்டைப்பெட்டியைப் பார்க்கிற மாதிரிகூடப் பார்க்கவில்லை.

டீச்சர் அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்துகொண்டு, போன வாரம் அவர் என்ன வேலை செய்தார் என்று விசாரித்தார். மீசை முதலில் மென்று விழுங்கினார். வேலையைப் பற்றி என்றதும் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது.

நிறுவனத்தில் இமேஜ்களின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று உண்டு. வினாடிக்கு எவ்வளவு படிக்க முடிகிறது என்று பார்த்து ஒரு எண் காட்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்காக அது படிக்க மட்டுமே செய்தது. எழுதும் வேகத்தை அளக்கத் தனியாக வேறொரு புரோகிராம். எதற்கு இரண்டு என்று, வேலையை விட்டுப் போகும் முன் மீசை இரண்டையும் ஒன்றாக்கினார். கருவியில் புதிதாக ஒரு வசதி சேர்த்தார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம், 'எழுதியும் பார்' என்று. அதில் டிக் அடித்தால், தேர்ந்தெடுத்த இமேஜ் முழுக்க எழுதி அளக்கும். பக்கத்தில் இன்னொரு கட்டம், எந்த எண்ணை எழுதுவது என்று போட.

"அந்த டிக், ஒருத்தர் அடிச்சா அவரோட போயிடுமா, இல்ல அடுத்து வர்றவருக்கும் அப்படியே இருக்குமா?" என்று கேட்டார் டீச்சர்.

"அப்படியே இருக்கும். கடைசியா வச்சதை ஞாபகம் வச்சுக்கும். எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் காலியாயிடும்."

"எண்ணைப் போடாமலே ஓட்டினா?"

மீசை தெருவில் போன வண்டியைப் பார்த்தார்.

"சொல்லுங்க. கட்டம் காலியா இருந்தா எது விழும்?"

"நாற்பத்தேழு" என்றார் மீசை. "வேலை நடக்கும்போது சும்மா சோதிக்க என் எண்ணையே உள்ள வச்சிருந்தேன். எடுக்கணும்னு இருந்தேன். எடுக்கலை."

ரேடியோ காலையில் பேசியதை நினைத்துப் பார்த்தான். கையெழுத்து என்று மேடை போட்டு முழங்கினானே, அது வெறும் அச்சு. தன் எண் வைத்திருப்பவன் தன் எண்ணைப் போட்டிருப்பான். எண்ணே இல்லாத யாரோ ஓட்டினால்தான் காலிக் கட்டம். காலிக் கட்டம் என்றால்தான் நாற்பத்தேழு. ஆக, அந்த எண் மீசையைக் காட்டவில்லை. சோதனை வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தரைக் காட்டுகிறது.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார் டீச்சர்.

"சொன்னா, எண் இல்லாம அந்த ரூமுக்குள்ள போறது யாருன்னு தேடுவீங்க. அப்படிப் போய் வர்ற ஆளு எங்க ஆபீஸ்ல ஒருத்தர்தான்." மீசை எழுந்து பேண்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். "அவர் என் பொண்டாட்டியோட அண்ணன். தெரியாமதான் செஞ்சிருப்பார். ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடி அவர் தலை குனிஞ்சா கம்பெனியே போயிடும். நான் எப்படியும் போறவன்."

ரேடியோ அசந்துபோனான். இந்த மனுஷனையா ஃபியூஸ் பிடுங்கி என்றோம். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? டீச்சரோடு தெருவைத் தாண்டுவதற்குள் நாக்கு மறுபடி துள்ளிவிட்டது.

"அப்ப முதலாளிதான் டீச்சர். தானே உடைச்சுட்டு ஊரையெல்லாம் தேடறார். கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டுக் காணோம்னு கத்தற கதை."

"முதலாளி இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தக் கோப்பு கடைசியா மாறின நேரத்தைக் காலையில பார்த்தேன். முந்தாநாள், நாம முதல் தடவை இங்க வந்திருந்தப்ப. அந்த நேரம் முழுக்க அவர் மாடியில என்கூட இருந்தார்."

முந்தாநாள் வந்தது ஒரு சில்லறைக் காரியத்துக்கு. மெஷின் மெதுவாக ஓடுகிறது, யாரோ தகவல் திருடுகிறார்கள் என்று முதலாளி பயந்துபோய்க் கூப்பிட்டார். திருடனும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த மின்விசிறி தூசி அடைத்துக் கிடந்தது. துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

"அப்ப யாரு?" என்றான் ரேடியோ.

டீச்சர் மெஷின் அறைக் கதவைத் தள்ளினார். குளிர்காற்று முகத்தில் அடித்தது. வரிசையாக நின்ற மெஷின்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. மூலையில் எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்தும் அந்த ஒரே திரை. அதன்முன் உட்கார்ந்து வெற்று இமேஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவமனையுடையதற்குச் சமமான அளவு, அதே வட்டு. 'எழுதியும் பார்' கட்டத்தில் டிக் இருந்தது, எடுத்துவிட்டார். கருவியை ஓடவிட்டார்.

"படிக்கிற வேகம். என்ன காட்டுது, படி."

"நூத்தித் தொண்ணூறு" என்று படித்தான் ரேடியோ.

"இப்ப பார்." டீச்சர் டிக் அடித்தார். எண் கேட்ட கட்டத்தைக் காலியாகவே விட்டார். "எழுதறதுன்னா நேரம் எடுக்கும். ஒவ்வொரு தடவையும் நிஜமா வட்டுல இறங்கிச்சான்னு பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும்."

திரையில் எண் ஏறியது, இறங்கியது, ஐம்பத்தெட்டில் தயங்கியது, அறுபதைத் தொட்டது. கடைசியில் ஓர் இடத்தில் நின்றது.

அறுபத்திரண்டு.

ரேடியோ அதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை.

முந்தாநாள் டீச்சரும் முதலாளியும் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் இந்த அறையில், இதே நாற்காலியில் இருந்தான். சும்மா இருக்கக் கை வரவில்லை. அளக்கும் கருவியை அன்று காலைதான் முதலாளி காட்டியிருந்தார். இது சும்மா படிச்சுப் பார்க்கும் தம்பி, ஒண்ணும் செய்யாது என்றும் சொல்லியிருந்தார். புது வசதி வந்தது அவருக்கே தெரியாது. அளந்தால் துணி குறைந்துவிடவா போகிறது என்று ரேடியோ பட்டியலைப் பார்த்தான். வெற்று இமேஜ்கள் வரிசையாக இருந்தன. அளப்பதுதான் அளக்கிறோம், நிஜமானதை அளப்போம், டீச்சர் முன்னால் சொல்ல ஒரு கெத்து வேண்டுமே என்று இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து அழுத்தினான். மருத்துவமனையுடையது. ஏதோ எண் கேட்டது. புரியவில்லை, காலியாக விட்டான்.

பிறகு மாடிக்கு ஓடிப்போய் எல்லார் முன்னாலும் சொன்னான்: என் ஸ்கூட்டர் அறுபது போகும், உங்க டிஸ்க் அறுபத்திரண்டு போகுது, ரெண்டுதான் வித்தியாசம் சார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். கணக்கு அக்காகூடச் சிரித்தாள். மீசையின் டிக் அப்படியே இருந்திருக்கிறது. அவன் அந்த எண் ஏறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும், ஒவ்வொரு கண்ணாக அழிந்துகொண்டிருந்திருக்கிறது.

"தூசியாலதான் மெதுவுன்னு அன்னைக்கு நெனச்சோம்" என்றார் டீச்சர். "தூசியைத் தட்டின பிறகும், எழுதறப்ப இது அறுபத்திரண்டுதான்."

ரேடியோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இமேஜை அழித்ததுகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. தெரியாமல் செய்தான், சரி. ஆனால் விரல் நீட்டினானே, அதைத் தெரிந்தேதான் நீட்டினான். அந்தக் காது மடல்கள் சிவந்ததைத் தெரிந்தேதான் தண்ணீர் குடித்தான். நாக்கை இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த அறையிலேயே ஒரு மெஷினாக நின்றுவிட்டால் தேவலை என்று தோன்றியது.

"உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

"நேரத்தைப் பார்த்தப்பவே நீ கீழே இருந்தது ஞாபகம் வந்துச்சு. ஆனா நீ அந்த மேசையில என்ன பண்ணினேன்னு தெரியலை, நிச்சயம் இல்லாம எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்டே. நான் ஒரு செருமல் செருமியிருந்தா நின்னிருப்பே." டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். துடைக்க அதில் அழுக்கே இல்லை. "என் ஆளுன்னு வாயை மூடிட்டு இருந்தேன். அந்தாளும் தன் மச்சானுக்காக வாயை மூடினார். ரெண்டும் ஒண்ணு இல்லை. எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

மாடிப்படி ஏறும்போது ரேடியோ ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தை யோசித்தான். அடுத்த படியில் அதைக் கைவிட்டான். எல்லா வாக்கியத்திலும் 'ஆனா' இருந்தது. முதலாளிதான் ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னார், ஆனா. டிக் நான் அடிக்கலை, ஆனா.

அறையில் காலையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கூடவே மருத்துவமனையிலிருந்து இரண்டு பேர். முதலாளியின் முன்னால் புகாரும் பேனாவும். டீச்சர் முன்னதாகவே ஆள் அனுப்பியிருந்தார் போல, மீசையும் வந்து கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய அடையாள அட்டை மேசையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அதைத் தொடாமல் டீ கிளாஸைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

ரேடியோ காலையில் நின்ற அதே இடத்தில் போய் நின்றான்.

"கையெழுத்துப் போடாதீங்க சார். அழிச்சது நான்."

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். ரேடியோ பேசினால் சிரிக்க வேண்டும் என்று பழகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது.

சொன்னான். ஸ்கூட்டர் கதையையும் விடாமல் சொன்னான். ஒரு 'ஆனா'வும் போடவில்லை. கடைசியில் மீசையின் பக்கம் திரும்பி, காலையில் பேசியது எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டான். இத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினேன், இத்தனை பேர் முன்னால்தான் கேட்க வேண்டும் என்றான்.

முதலாளி பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்க்க அவரால் முடியவில்லை.

கணக்கு அக்காதான் முதலில் பேசினாள். ரேடியோவைத் திட்டப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"இந்தத் தம்பி யாரோ எவரோ. வந்தாரு, பேசினாரு. நான் உங்ககூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். நீங்க எந்திரிச்சுப் போனப்ப, ஏங்க, செஞ்சீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலை. செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் தலையைக் குனிஞ்சேன்."

மீசை மேசைக்கு வந்து அட்டையை எடுத்தார். கழுத்தில் மாட்டவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலிக் கட்டத்தில் தன் எண்ணை விட்டது தன் தப்பு, டிக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளும்படி எழுதியதும் தன் தப்பு என்று பொதுவாகச் சொன்னார். எண் போடாவிட்டால் கருவி ஓடவே கூடாது என்று இன்றைக்கே மாற்றிவிட்டுப் போகிறேன் என்றார். மன்னித்தேன் என்று ரேடியோவிடம் சொல்லவில்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க அது என்ன கடன் வாங்கிய குடையா?

மருத்துவமனைக்காரர்கள் தங்கள் கவலையைப் பார்த்தார்கள். பழைய நகல் ஒன்று இருக்கிறதாம், ஆனால் அதில் கடந்த மாதப் படங்கள் இல்லை. அந்த நோயாளிகளையெல்லாம் மறுபடி வரவழைத்து, கண்ணில் மருந்து விட்டு, மறுபடி எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போன் போட ஆள் வேண்டும். நான் போடுகிறேன் என்றான் ரேடியோ. ஒரு தாளைக் கொடுத்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தங்கள் படம் மீண்டும் எடுக்கப்பட வேண்டியுள்ளது, வருந்துகிறோம். இதை மட்டும் படித்தால் போதும், மேற்கொண்டு எதுவும் பேச வேண்டாம் என்றார்கள். அவனிடம் போய்.

மெஷின் அறைக்கு வெளியே இருந்த போனின் முன்னால் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீசை முதுகைக் காட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மறுமுனையில் எடுத்தது வயதான ஒரு பெண் குரல். ரேடியோ தாளைப் பார்த்து ஒரு பிசகும் இல்லாமல் படித்தான்.

"மறுபடியும் அந்த மருந்து விடணுமா? எரியுமே" என்றது குரல். "கோளாறுன்னா என்ன தம்பி? மெஷின் கெட்டுப்போச்சா, இல்ல யாராவது அழிச்சுட்டாங்களா?"

டீச்சர் தொண்டையைச் செருமவில்லை. ரேடியோ தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு" என்றான். "அழிச்சது நான்தான்."